பதினேழாவது தலை

கடலைத் தாண்டிப் போனால் ஆப்பிரிக்கா வரும். அங்கே ஒரு ஏரி. ஏரி என்றால் கோடையில் வற்றி மாடு மேயுமே, அந்த மாதிரி ஏரி இல்லை. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது, அலைகூட அடிக்கும், ஆனால் அள்ளிக் குடித்தால் துளிகூட உப்பு இருக்காது. அந்த ஏரிக்கரை ஊரில் தோக்கோ என்று ஒரு படகுக்காரி இருந்தாளாம்.

அந்த ஊர்த் துறைக்கு முன்னால் பதினேழு நீர்யானை. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், தலை மட்டும்தான் தெரியும். பார்த்தால் சாது மாதிரி இருக்கும், ஆனால் தெரியாமல் படகு அதன் முதுகில் ஏறிவிட்டால் ஒரே தூக்கில் கவிழ்த்துவிடும். கண்ணில் படுகிற நீர்யானையைச் சுற்றிப் போய்விடலாம், படாத நீர்யானையை என்ன செய்வது? அதனால் தோக்கோ தினமும் காலையில் மூன்று தடவை எண்ணுவாள். முதலில் தலை, அப்புறம் காது, அப்புறம் மூச்சு. தலை பதினேழு, காது முப்பத்திநான்கு, புஸ்ஸென்று தண்ணீர் தெறிக்கும் மூச்சு பதினேழு. மூன்றும் சரியாக வந்தால்தான் துடுப்பைத் தொடுவாள்.

அதே துறையில் சிசாலே என்று இன்னொரு படகுக்காரன். அவனுக்கு இதெல்லாம் கேலி.

"என்ன தங்கச்சி, தினம் தினம் காதையே பார்க்கிறியே, நீர்யானைக்குக் காதுகுத்து வைக்கப்போறியா?" என்பான்.

"இரு அண்ணே, கணக்கு விட்டுப்போகும்," என்பாள் அவள். ஆனால் துறை யாருக்கு என்று வந்துவிட்டால் மட்டும் ரெண்டு பேருக்கும் தினம் சண்டைதான்.

இப்படி இருக்கும்போது அந்த தேசத்து ராஜா ஏரியைப் பார்க்கணும் என்று புறப்பட்டார். அவருக்கு மூன்று ஆசை. வெள்ளைத்தலைக் கழுகு பாய்ந்து மீன் பிடிக்கிறதைப் பார்க்கணும், தூண்டில் போடணும், பாறைத்தீவில் ஏறித் தொபுக்கென்று தண்ணீரில் குதிக்கணும். முதலை பிடிக்காதா என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். பாறைத்தீவுப் பக்கம் முதலை வராது, பயப்படாதீர்கள்.

வருவதற்கு முன்னாலேயே ராஜா சொல்லி அனுப்பிவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் துறைக்கு அடிச்சுக்கிற சத்தம் அரண்மனை வரைக்கும் கேக்குது. தோக்கோ முதல்ல கூட்டிட்டுப் போகட்டும். குறை இல்லாம சுத்திக் காட்டினா துறை அவளுக்கு. குறை வந்தா சிசாலேக்கு. தோத்தவங்க ஊரை விட்டுப் போயிடணும்." தோக்கோவுக்கு அந்தப் படகை விட்டால் வேறு பிழைப்பே கிடையாது.

ராஜா வருகிற அன்றைக்கு விடியற்காலையில் சிசாலே கரையில் வந்து பார்த்தான். நீர்யானைத் தலை பதினாறுதான் இருந்தது. ஒன்றைக் காணோம். "ஆகா," என்று வீட்டுக்கு ஓடினான், அடுப்படியில் இருந்த கரிப்பானையை எடுத்தான், நாணலோரமாகத் தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்டு, கல்லில் கட்டி நிறுத்தினான். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் நீர்யானைத் தலைதான். 'ராஜா நிக்கிற அவசரத்துல காதெல்லாம் எங்க எண்ணப்போறா, தலை சரின்னு கிளம்புவா, காணாம போனது படகை முட்டும், ராஜா நனைவாரு, துறை எனக்கு,' என்று கையைத் தேய்த்துக்கொண்டான்.

ராஜா வந்தார். தோக்கோ எண்ண ஆரம்பித்தாள். தலை பதினேழு. சரி. காது எண்ணினாள், முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள், முப்பத்திரண்டு. மூச்சு எண்ணினாள், பதினாறு. துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னம்மா, போகலாமா?"

"வேண்டாம் மகாராஜா. தலை பதினேழு இருக்கு, காது ரெண்டு குறையுது."

கூட வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காது எங்கேயாவது குறையுமா? நீ வராட்டி துறை உனக்கில்லை, தெரியுமில்ல?"

தோக்கோ ஒரு தடவை தன் படகைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும், "துறை போனாப் போகட்டும் மகாராஜா. எண்ணிக்கை சேராம உங்களை ஏத்த மாட்டேன்," என்றாள்.

"சரி, சிசாலே, நீ எடு படகை!"

சிசாலேக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு தலை பொய் என்று அவனுக்குத்தானே தெரியும்? "வயிறு வலிக்குது மகாராஜா," என்றான். "துடுப்பு விரிஞ்சிருக்கு மகாராஜா," என்றான். "காத்து சரியில்லை மகாராஜா," என்றான்.

அப்போது தோக்கோ சொன்னாள். "அண்ணன் மட்டும் முதல்ல பாறைத்தீவு வரைக்கும் போய்ட்டு வரட்டும் மகாராஜா. நல்லபடியா வந்தா நீங்க ஏறுங்க. துறையும் அவருக்கே."

"அதுவும் சரிதான். கிளம்புடா!"

மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடும். சிசாலே படகில் ஏறினான், மெல்ல மெல்லத் துடுப்பு போட்டான், நாணலைத் தாண்டினான். அவ்வளவுதான்! கீழேயிருந்து ஒரு கறுப்பு முதுகு எழும்பியது, படகு ஒரு ஆள் உயரம் மேலே போனது, சிசாலே அதைவிட உயரம் போனான், தொப்பென்று விழுந்தான். கைக்கு அகப்பட்டதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கயிறு அறுந்துவர, காலை உதைத்து உதைத்துக் கரைக்கு வந்தான்.

அகப்பட்டது எது? பானை!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் பெண்டாட்டி எலூபே ஓடிவந்தாள். "அடப்பாவி மனுஷா! விடிஞ்சதிலிருந்து களி கிண்டப் பானையைக் காணோம்னு ஊரெல்லாம் தேடுறேன், இங்க என்ன பண்ணுறே?"

ராஜா பானையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "தோக்கோ, இப்ப எண்ணு."

"தலை பதினேழு, காது முப்பத்திநாலு, மூச்சு... இருங்க மகாராஜா." அவள் கண்ணைச் சுருக்கினாள். "தலை பதினெட்டு, காது முப்பத்தாறு!"

நாணலுக்குள் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த அந்தக் காணாமல் போன நீர்யானை இப்போது முழுசாக வெளியே வந்தது, அதன் முதுகில் பன்றி அளவில் ஒரு குட்டி. பிரசவத்துக்குத்தான் அது தனியாக ஒதுங்கி இருந்திருக்கிறது.

ராஜாவுக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் கழுகைப் பார்த்தார், தூண்டில் போட்டார், மூன்று தடவை பாறையிலிருந்து குதித்தார். துறை தோக்கோவுக்கு. சிசாலேயை ஊரைவிட்டு அனுப்ப வேண்டாம் என்று தோக்கோ கேட்டுக்கொண்டதால் வேறு தண்டனை. தினமும் காலையில் அந்தப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நின்று அவன்தான் காது எண்ணிச் சொல்லவேண்டும்.

"எத்தனை அண்ணே?"

"முப்பத்தாறு தங்கச்சி."

"இன்னொரு தரம்."

எண்ணினது போதும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அப்போதுதான் இன்னொரு தரம் எண்ணவேண்டும். படகும் கரை சேர்ந்தது, பானையும் அடுப்பு சேர்ந்தது, கதையும் முடிந்தது. எங்கே, எத்தனை பேர் இன்னும் முழித்திருக்கிறீர்கள்? கண்ணை மூடுங்கள், எண்ணப்போகிறேன்.