நாலு மடிப்புத் துணி

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் தண்ணீர்க் குழாயின் வடிகட்டியை அலசுவது செவந்தியின் வேலை. புது மேனேஜர் சபாநாயகம் வந்ததும், ஒரு தூசி போகக் கூடாதென்று பம்புக்கு முன்னால் பட்டுத்துணி போல நெருக்கமான வலையைப் போட வைத்தார். ஒரே மாதத்தில் இரண்டு பம்புகள் தண்ணீர் இழுக்க முடியாமல் கெட்டுப்போயின.

"நீ வலையை அலசறதே இல்லை. நாளையிலிருந்து வேலைக்கு வராதே," என்றார் செவந்தியிடம்.

"சரிங்க சார். அதுக்கு முந்தி மேல்தொட்டியில எவ்வளவு பஞ்சு மிதக்குதுன்னு ஒருக்கா வந்து பாருங்க. அங்க தூசு பறக்குமுங்க, இதை மூக்கோட இறுக்கிக் கட்டிக்குங்க," என்று ஒரு வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கொடுத்தாள்.

மொத்தம் அறுபது படிகள். இருபதில் அவருக்கு மூச்சு இரைத்தது. முப்பதில் துணியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"துணி அழுக்குங்களா சார்?"

"அழுக்கு இல்லை. மூச்சு முட்டுது."

"காலையிலதானுங்க அலசினேன். பம்புக்கு முன்னால இருக்கிற வலையையும் அப்பத்தான் அலசினேன்."

சபாநாயகம் துணியின் மடிப்புகளைப் பிரித்து, ஒற்றை மடிப்பை மூக்கில் வைத்து மூச்சிழுத்துப் பார்த்தார்.

"அப்போ அந்த நெருக்க வலையை எங்கேதான் போடறது?"

"பம்பு தண்ணி இழுக்கிற பக்கம் பெரிய கண் வலை போதுங்க. நெருக்க வலையைப் பம்பு தள்ளுற பக்கம் போடுங்க."

அங்கிருந்தே போனில் ஃபிட்டரைக் கூப்பிட்டு அப்படியே மாற்றச் சொன்னார். பிறகு துணியை மடித்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"அரை மணி முன்னாலயே வந்தர்றனுங்க சார். இனி ரெண்டு வலை அலசணுமே."