உள்ளான் எண்ணிய நான்காவது அலை

அந்தக் காலத்தில், கடலுக்கே வாய் இருந்த காலத்தில், கரையில் கிடந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. நண்டு பேசும். மேலே காற்றில் மிதக்கும் ஆலாப் பறவை பேசும். வெயில் ஏறினால் அடப்பங்கொடிகூட இரண்டு வார்த்தை முணுமுணுக்கும். உள்ளான் மட்டும் எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே பேசும்.

உள்ளான் என்றால், இன்று ஈர மணலில் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்தச் சின்ன வெள்ளைப் பறவைதான். அப்போது அது வெள்ளையாக இல்லை. மணல் நிறத்தில் கொழுகொழுவென்று இருந்தது. ஓடுகிற பழக்கமும் கிடையாது. மணல்மேட்டின் உச்சியில் வயிறு படிய உட்கார்ந்துகொண்டு ஊரையே மேய்க்கிற தோரணையில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி உட்கார அதற்கு உரிமையும் இருந்தது. அந்தக் கரையில் அலையை எண்ணும் வேலை அதனுடையது.

கரைக்கு எதிரே, கூப்பிட்டால் குரல் எட்டாத தொலைவில், நீருக்கடியில் ஒரு பார் நீண்டு கிடந்தது. பவளமும் பாறையும் பின்னிக் கிடக்கும் பார். கரைக்காரர்கள் சங்கு குளிப்பவர்கள். சங்கு பாருக்கு அப்பால்தான் கிடைக்கும். போகும்போது பாரின் தெற்கு முனையைச் சுற்றி நீரோட்டத்தோடு சுகமாகப் போய்விடலாம். வரும்போது அதே நீரோட்டம் எதிரே வந்து நிற்கும். துடுப்புப் போட்டுச் சுற்றி வந்தால் அரை நாள் போய்விடும். அதனால் பாரின் மேலேயே வருவார்கள். ஒற்றை மரத்தைத் தட்டையாகச் செதுக்கி, அதன்மேல் எழுந்து நின்று, பாரில் எழும் அலையில் ஏறி வந்து இறங்குவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதற்குக் காற்று, தண்ணீர், அலை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் ஒத்துப்போகிற நேரம் ஒரு நாளில் சற்று நேரம்தான் வரும்.

காற்றைச் சொல்வது ஆலாவின் வேலை. நிலத்திலிருந்து கச்சான் வீசினால் அலையின் முகத்தைத் தடவித் தடவி நிமிர்த்தி வைக்கும். கடலிலிருந்து கொண்டல் வீசினால் பிடரியில் கைவைத்துத் தள்ளும், அலை குப்புற விழுந்து குழம்பிப்போகும். தண்ணீரைச் சொல்வது நண்டின் வேலை. நீர் வற்றினால் பார் பல்லைக் காட்டும். நீர் ஏறிக் கிடந்தாலோ, கீழே பார் இருப்பதே அலைக்குத் தெரியாது, எழாமலே கடந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவே எப்போது இருக்கிறது என்பதை நண்டு தன் வளையில் ஊறும் ஈரத்தை வைத்துச் சொல்லிவிடும்.

அலை உள்ளானுடையது. அந்தக் கடலில் அலைகள் ஏழு ஏழாகக் கூட்டம் சேர்ந்து வரும், பிறகு ஓய்வெடுக்கும். ஏழாவதுதான் பெரியது. அதில் ஏறினால் பாரைத் தாண்டி, அமைதியான நீர் வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிடும். அதற்குப் பின்னால் எதுவும் வராது. அவசரப்பட்டு ஆறாவதில் ஏறினால் பாரின் நடுவிலேயே கைவிட்டுவிடும், ஏழாவது முதுகில் வந்து விழும். பாருக்கு அப்பால் காத்திருப்பவர்களால் எண்ண முடியாது. பின்னாலிருந்து பார்த்தால் எல்லா அலையும் ஒரே மாதிரி முதுகுதான். மணல்மேட்டிலிருந்து பார்க்கிற உள்ளானுக்கு மட்டுமே எது எத்தனையாவது என்று தெரியும். ஏழாவது தூரத்தில் திரளத் தொடங்கியதும் அது மேலெழும்பி இறக்கையை விரிக்கும். இறக்கையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று மின்னும். அதைப் பார்த்துத்தான் மரத்தைத் திருப்புவார்கள்.

அந்தக் கரையில் பவளாயியைப்போல அலையில் வருகிறவர் யாரும் இல்லை. மற்றவர்கள் கரை சேர்வதற்காக வருவார்கள். பவளாயி வருவதற்காகவே வருவாள். கச்சான் நிமிர்த்திப் பிடித்த பச்சைச் சுவரில் ஒரு கையை வைத்து நீளக் கோடு இழுத்துக்கொண்டே வருவாள். வெயில் அலைக்குள் புகுந்து வெளியே வரும். அலைக்கு உள்ளே மீன்கள் அவள் தோளுக்குச் சமமாக நீந்தி வரும். அந்த நேரத்தில் கரையில் யாரும் பேச மாட்டார்கள், உள்ளானே பேசாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் சங்குச் சதையில் ஒரு துண்டு கிள்ளி மேட்டில் வைத்துவிட்டு, எண்ணுற வேலைய உட்காந்தே பாக்குற ஆள் நீ ஒருத்தன்தான் என்று கேலி செய்துவிட்டுப் போவாள். அவளுடைய புருஷன் சுறவன் பின்னால் சிரித்துக்கொண்டே வருவான். உள்ளானுக்கு அவர்கள் இரண்டு பேரையும் அவ்வளவு பிடிக்கும்.

ஒரு நாள் காலை, கடல் வேறு மாதிரி வந்தது. எங்கோ பெயர் தெரியாத ஒரு கடலில் புயல் ஒன்று அடித்து ஓய்ந்திருந்தது. அதன் மூச்சு மட்டும் பல நாள் நடந்து அந்தக் கரைக்கு வந்தது. தூரத்திலிருந்து வருகிற அலைக்கு அவசரம் கிடையாது. ஒன்று வந்து உடைந்த பிறகு, அடுத்தது வருமா வராதா என்று சந்தேகப்படும் அளவுக்கு இடைவெளி விட்டு வரும். நடுவில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும்.

பவளாயியும் சுறவனும் விடியும் முன்பே பாருக்கு அப்பால் சங்குக்குப் போயிருந்தார்கள். உள்ளான் எண்ணியது. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. அதைவிட வெகுநேரம் கழித்து மூன்று. வெயில் இதமாக இருந்தது. கச்சான் மெல்லத் தலையைக் கோதிவிட்டது. காலையில் சாப்பிட்டதும் கொஞ்சம் அதிகம். இமை தானாக இறங்கியது.

இமைக்குள்ளும் கடல் இருந்தது. அங்கேயும் ஓர் அலை எழுந்து வந்தது, நிஜத்தில் எந்த அலைக்கும் இல்லாத பச்சையில். அதன்மேல் பவளாயி நின்று வந்தாள். அலை உடையவே இல்லை. கரையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, உள்ளானையும் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு சுகமான அலையை அது அதுவரை பார்த்ததில்லை.

ஆலாவின் கூச்சல் கேட்டு விழித்துக்கொண்டது. ஆலா பாருக்கு அப்பால் போய்விட்டு மூச்சிரைக்க வந்திருந்தது.

"சுறவனுக்குத் தொடையில திருக்கை முள்ளு குத்திருச்சு. கால் நீலம் பாரிச்சுப் போச்சு, கண்ணு சொருகுது. பவளாயி மரத்துல படுக்க வச்சுக்கிட்டு உன் இறக்கையத்தான் பாத்துக்கிட்டிருக்கா."

முள் விஷத்துக்கு மருந்து கரையில்தான் இருந்தது. அடப்பங்கொடி அப்போதே இலை இருக்கு, இலை இருக்கு என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. அதை வாட்டிக் கட்ட வேண்டும், அதுவும் விஷம் நெஞ்சுக்கு ஏறுவதற்கு முன்னால். நண்டு வளையிலிருந்து தலையை நீட்டி, தண்ணீர் வேகமாக வற்றுகிறது, இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்த கூட்டத்துக்குப் பார் பல்லைக் காட்டிவிடும் என்றது. கிழக்கே கொண்டலின் கறுப்புக் கோடும் தெரிய ஆரம்பித்திருந்தது.

"எத்தனை போயிருக்கு?" என்று ஆலா கேட்டது.

உள்ளான் கடலைப் பார்த்தது. பாரின்மேல் நுரை பரவிக் கிடந்தது. அது மூன்றாவது அலையின் நுரையா, நான்காவதும் வந்து போய்விட்டதா? கண்ணுக்குள் ஓர் அலை வந்தது நன்றாக நினைவிருந்தது. அது எந்தப் பக்கத்து அலை என்றுதான் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், ஆலா அங்கேயே வானத்தில் உயர்ந்து, திரண்டு வருவதையாவது பார்த்துச் சொல்லியிருக்கும். ஆனால் உள்ளான் அதுவரை யாரிடமும் தெரியவில்லை என்று சொன்னதே இல்லை.

"நாலு" என்றது.

ஆலா அதைப் பவளாயியிடம் சொல்லப் பறந்தது. அடுத்த அலை வந்தது. உள்ளான் ஐந்து என்றது. அதற்கடுத்தது வந்தது, ஆறு என்றது. பிறகு தூரத்தில் ஒன்று திரண்டது. பெரிதாகத்தான் இருந்தது. பெரிதாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளான் மேலெழும்பி இறக்கையை விரித்தது. வெள்ளைக் கோடு மின்னியது.

பவளாயி மரத்தைத் திருப்பினாள்.

அலை அவளைத் தூக்கியது. சுறவனைக் காலடியில் கிடத்தி, அவன் நழுவாமல் ஒரு பாதத்தால் அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் அதுவரை வந்ததிலேயே அழகான வருகை அதுதான் என்று பிறகு நண்டு சொல்லும். ஒரு துளிகூடச் சிதறவில்லை. சுறவனின் கை மரத்திலிருந்து தொங்கி அலையைத் தொட்டுக்கொண்டு வந்தது. உள்ளான் காற்றில் நின்றபடி, சேர்ந்துவிட்டார்கள், சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பாரின் பாதியில் அலை ஓய்ந்தது.

மரம் நின்றது. பாரின்மேல் இருந்த தண்ணீர் மெல்லப் பின்னால் நகர்ந்தது, பிறகு வேகமாக ஓடியது. பின்னால் எழுகிற ஒன்றுக்கு அத்தனை தண்ணீரும் தேவைப்பட்டது. மரம் பவளத்தில் தட்டி உட்கார்ந்துவிட்டது. பவளாயி திரும்பிப் பார்த்தாள். ஏழாவது அலை அங்கே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் மணல்மேட்டைப் பார்த்தாள். அந்தத் தொலைவிலும் அந்தப் பார்வை உள்ளானுக்குத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்துப் பவளாயி மட்டும் கரையேறினாள். மரத்தில் பாதி அவள் கையில் இருந்தது. உடம்பெல்லாம் பவளம் கிழித்திருந்தது. சுறவன் வரவில்லை. அவள் மேட்டின் அடியில் வந்து நின்றாள். குரல் உயரவே இல்லை.

"எத்தனை எண்ணுன?"

"ஏழு அக்கா."

"ஏழையும் கண்ணால பாத்தியா?"

உள்ளான் அவள் கையிலிருந்த பாதி மரத்தைப் பார்த்தது. பிறகு, "ஆறு பாத்தேன்" என்றது.

பவளாயி திட்டவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் உள்ளான் தாங்கியிருக்கும். அவள் உட்கார்ந்ததைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, அதுவரை போகாத ஈர மணலுக்குப் போய், கடலின் விளிம்பில் நின்று, அவனைக் கொடுத்துவிடு, என்னை எடுத்துக்கொள் என்று அழுதது.

கடலுக்குக் கோபமெல்லாம் இல்லை. கடல் எப்போதும்போல் நிதானமாகத்தான் பேசியது.

"நான் ஏழுதான் அனுப்புனேன், ஏழும் என் கணக்குல இருக்கு. நீ நாலாவதுன்னு ஒண்ணு எண்ணுனியே, அது நான் அனுப்பாத அலை. அத எனக்குக் காட்டு, அவனத் தாரேன்."

அப்போதே ஓர் அலை வந்து மணலில் ஏறிப் பின்வாங்கியது. அதுவாக இருக்குமோ என்று உள்ளான் அதன் பின்னால் ஓடியது. இல்லை. அடுத்தது துரத்திக்கொண்டு வந்தது, உள்ளான் திரும்பி ஓடியது. அதுவும் பின்வாங்கியது. அதன் பின்னால் ஓடியது. அன்று சாயங்காலம் வரை ஓடியது, மறுநாளும் ஓடியது. ஓடி ஓடிக் கொழுப்பெல்லாம் கரைந்தது. காலின் பின்விரல் தேய்ந்தே போனது. இன்றும் உள்ளானின் காலில் பின்விரல் கிடையாது, பார்த்தால் தெரியும். நுரை தெறித்துத் தெறித்து மணல் நிறம் போய் வெளுத்துவிட்டது. கரையில் தேடி அலுத்தால், அலைகள் பிறக்கிற அந்தத் தூரத்துக் கடலுக்கே போய்ச் சில மாதம் தேடிவிட்டு, மழைக்கு முன்னால் திரும்பி வந்து மறுபடியும் ஓடியது. வாயாடித்தனம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓடும்போது மெல்ல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, எண்ணுகிற சத்தம்.

பவளாயி தினமும் மேட்டின் அடியில் உட்கார்ந்து பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரைக்காரர்கள் மரத்தோடு வந்தால், கீழே வைத்துவிட்டு உட்காரச் சொல்வாள். காற்று எது, நீர் எங்கே நிற்கிறது, அலை எத்தனை என்று பேசாமல் பார்க்கச் சொல்வாள். நடுவில் யாராவது கண்ணை மூடிவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அவர்களும் எண்ணினார்கள். எண்ணாமல் அலையில் இறங்கியவர் அதன்பிறகு அந்தக் கரையில் யாரும் இல்லை.

எத்தனையோ நாள் கழித்து, ஒரு நாள் வெயில் தாழும் நேரத்தில், பவளாயி எழுந்து ஈர மணலுக்கு வந்தாள். அவள் கையில் ஒரு துண்டு சங்குச் சதை இருந்தது.

"போதும் தம்பி. வந்து உக்காரு" என்றாள்.

உள்ளான் அவள் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. ஓர் அலை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன் கண் அதில்தான் இருந்தது. அவள் சொன்னது அதற்குக் கேட்கவில்லை.

சுறவன் போன அன்று முதல்தான் உள்ளான் பின்வாங்கும் ஒவ்வோர் அலையையும் துரத்திக்கொண்டு போய், அடுத்தது வருவதற்குள் திரும்பி ஓடி வருகிறது. அன்று முதல்தான் பாருக்குப் போகிறவர்கள், எவ்வளவு நல்ல அலை கூப்பிட்டாலும், பலகையை மணலில் வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு முறை கண் அசந்துவிட்டால், யாரும் பார்க்கவில்லை என்றாலும், மறுபடியும் ஒன்று என்று தொடங்குகிறார்கள்.