ஒன்பதாம் திருப்பத்தில் மஞ்சள் கொடி

செங்கோட்டுவேலுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தைந்து.

செங்கோட்டுவேலுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் தொழில். நான்கு வருடமாக, விடுமுறை நாட்களில் கார் பந்தயம் ஓட்டி வந்தார். பெரிய ஓட்டுநர்களோடு இல்லை. தன்னைப் போல ஆசைக்கு ஓட்டுகிறவர்களோடு.

குருவின் பெயர் பிரிசில்லா. கோயம்புத்தூர்க்காரர். ஒரு காலத்தில் அவரை முந்த ஆள் இல்லை என்பார்கள். இப்போது ஓட்டுவதில்லை, ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். செங்கோட்டுவேல் முதல் நாள் விளையாட்டாக 'டீச்சர்' என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

அந்த முறை பந்தயம் கிருஷ்ணகிரிக்கு அப்பால், பாறைக் குன்றுகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட தடத்தில். இருவருமே அதைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிசில்லா அவரைக் காரில் ஏற விடவில்லை.

"நடக்கலாங்க அண்ணா."

"மூன்றரைக் கிலோமீட்டருங்களா?"

"ஆமாங்க."

நடந்தார்கள். தடம் ஒன்பதாம் திருப்பத்துக்கு முன்னால் மேடாக ஏறியது. பாறையை வெட்டி வழி விட்டிருந்தார்கள். மேட்டின் உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரியாது. உச்சியில், இடது பக்கம், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒருவர் ஆரஞ்சுச் சட்டையில் நின்று கொடிகளை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிசில்லாவா?" என்றார் அவர். "நல்லா இருக்கியாம்மா?"

அவர் பெயர் தணிகாசலம். ஆவடியில் லேத் பட்டறை. பந்தயம் எங்கே நடந்தாலும் தன் செலவில் வந்து கொடி பிடிப்பார். இருபத்திரண்டு வருடமாக. பிரிசில்லா ஓட்டிய காலத்திலும் கொடி பிடித்தவர்.

"நம்ம ஸ்டூடண்ட்" என்று பிரிசில்லா செங்கோட்டுவேலைக் காட்டினார்.

தணிகாசலம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேல ஏறும்போது உங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். பயப்படாதீங்க. அந்தாண்ட ஏதாவது இருந்தா நான் மஞ்சள் ஆட்டுவேன். ஆட்டலைன்னா அழுத்திப் போங்க."

"சரிங்க."

"மஞ்சளுக்கு மட்டும் காலை எடுத்துடுங்க. நேரம் போனா போவட்டும். அந்தாண்ட ஆள் இருக்கலாம்."

சனிக்கிழமை காலைப் பயிற்சியில் செங்கோட்டுவேலின் கிளட்ச் கேபிள் அறுந்தது. ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. அதனால் மதியம் தகுதிச் சுற்றில்தான் அவர் அந்தத் தடத்தில் முதல்முறை முழுதாக ஓட்டினார். இருபத்தைந்து நிமிடம். பதினேழு கார்கள். அதற்குள் யார் எவ்வளவு வேகமாக ஒரு சுற்று வருகிறாரோ, அந்த வரிசையில் மறுநாள் பந்தயத்தில் நிறுத்துவார்கள்.

முதல் சுற்றிலேயே டயர் சூடாகும் முன் வேகம் எடுத்தார். நான்காம் திருப்பத்தில் கார் இரண்டு தரம் சுழன்று, ஓரத்துக் கல் மேல் ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு உள்ளே மாட்டியிருந்த கேமரா பிடி தளர்ந்து மேலே பார்த்துக்கொண்டது. வண்டிக்கு ஒன்றுமில்லை. திரும்பவும் கிளப்பினார்.

அடுத்த இரண்டு சுற்றிலும் கியர் தப்பியது. பன்னிரண்டாம் திருப்பத்தில் புல்லில் இறங்கி, தூசியோடு மேலே வந்தார். நேரம் காட்டும் திரையில் அவர் பெயர் பதினாறாவது இடத்தில் இருந்தது. பதினேழாவது கார் இன்னும் கிளம்பவே இல்லை.

பிரிசில்லா, கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டின் சுவரோரம், ஓட்டுநருக்குச் சேதி காட்டும் பலகையோடு நின்றார். அதில் ஒன்றும் எழுதவில்லை. வெறும் பலகையையே காட்டினார். மூச்சு விடு என்று அதற்கு அர்த்தம்.

பிறகு ஒரு வெள்ளிநிறக் கார் செங்கோட்டுவேலைத் தாண்டியது. பெங்களூர்க்காரர் ஒருவருடையது. செங்கோட்டுவேல் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டார். அது பிரேக் பிடித்த இடத்தில் பிடித்தார், திரும்பிய இடத்தில் திரும்பினார். பத்தாவது இடம். அடுத்த சுற்றில் ஏழாவது. வெள்ளிக் கார் மெல்ல விலகி முன்னே போய்விட்டது. அதற்குள் அவர் கைக்குத் தடம் பிடிபட்டுவிட்டது.

மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது கடைசிச் சுற்றைத் தொடங்கினார். அவர் கோட்டைத் தாண்டியபோது பிரிசில்லா திரையைப் பார்த்தார். மூன்றாவது இடம்.

நான்கு வருடத்தில் அவர் எட்டாவது இடத்துக்கு மேல் வந்ததே இல்லை.

காரிலிருந்து இறங்கியவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு டயர் மேல் உட்கார்ந்தார். வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போன் போட்டு, "மூணாவதுங்க, பதினேழு பேர்ல மூணாவது" என்று இரண்டு தரம் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து நடுவர்கள் அழைத்தார்கள்.

வெள்ளிக் கார்க்காரர் புகார் கொடுத்திருந்தார். கடைசி நிமிடங்களில் அவர் வண்டி ஒன்பதாம் திருப்பத்தில் அச்சு உடைந்து தடத்திலேயே நின்றுவிட்டது. கதவைத் திறந்து இறங்கும்போது மேட்டின் மேலிருந்து ஒரு கார் கொஞ்சமும் வேகம் குறையாமல் வந்தது. கதவுக்கும் அதற்கும் ஒரு முழ இடைவெளி இருந்திருக்கும். அந்தக் கார் செங்கோட்டுவேலுடையது.

"மஞ்சள் கொடி பார்த்தீங்களா?" என்றார் தலைமை நடுவர்.

"பார்க்கலீங்க."

தணிகாசலத்தைக் கூப்பிட்டார்கள்.

"ஆட்டுனேன் சார். வண்டி நின்னதுமே ஆட்டுனேன். ரெண்டு கையாலயும்."

"அவர் பார்க்கலைங்கறாரே."

தணிகாசலம் செங்கோட்டுவேலைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறவர்போல இருந்தது.

"ஆட்டுனேன் சார்" என்றார் மறுபடியும். இந்தத் தடவை குரல் சற்று இறங்கியிருந்தது.

காரிலிருந்த கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். கார்க் கூரையின் உட்புறமும் கொஞ்சம் வானமும் தெரிந்தது. அந்த மேட்டுக்குத் தனிக் கேமரா இன்னும் வைக்கவில்லை.

நடுவர்கள் பத்து நிமிடம் பேசினார்கள். கொடி தாமதமாக ஆட்டப்பட்டது என்று எழுதினார்கள். செங்கோட்டுவேலின் நேரமும் மூன்றாவது இடமும் செல்லும். தணிகாசலம் சட்டையையும் கொடிகளையும் ஒப்படைக்க வேண்டும். கொடி பிடிக்கும் மார்ஷல்களின் பட்டியலில் இனி அவர் பெயர் இருக்காது.

"ஆட்சேபம் இருந்தா ஓட்டுநர்கள் அஞ்சு மணிக்குள்ள எழுதித் தரலாம்" என்றார் தலைமை நடுவர். அப்போது மணி நான்கு.

செங்கோட்டுவேல் பிட்டுக்கு வந்தார். பிரிசில்லா மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்.

செங்கோட்டுவேலின் காரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. எந்த நொடியில், எந்த இடத்தில், கால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தது என்று அது கோடாகப் போட்டுக் காட்டும். பாடத்துக்காகப் பிரிசில்லா மாட்டியது. இந்தப் பந்தயப் பிரிவில் அது கட்டாயமில்லை. அதனால் நடுவர்கள் கேட்கவில்லை.

"உக்காருங்க அண்ணா."

உட்கார்ந்தார்.

"இது ஒன்பதுக்கு முன்னால இருக்கற மேடு. முதல் ஆறு சுத்தும் பாருங்க. கோடு நேரா இருக்கு. கால் முழுசா மிதிச்சிருக்கு."

"சரிங்க."

"இது கடைசிச் சுத்து."

கோட்டில் ஒரு சிறிய பள்ளம் இருந்தது. கோடு பாதிக்கு இறங்கி, உடனே மேலே ஏறியிருந்தது.

"இங்க காலை எடுத்திருக்கீங்க."

"குலுக்கலா இருக்குங்க."

"அங்க குலுக்கல் இல்லீங்க. நாம நடந்தமே."

செங்கோட்டுவேல் அந்தப் பள்ளத்தையே பார்த்தார்.

"கால் நொடி எடுத்திருக்கீங்க. அப்புறம் திரும்ப மிதிச்சிருக்கீங்க."

பக்கத்துப் பிட்டில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை செங்கோட்டுவேல் காத்திருந்தார்.

"பார்த்தனுங்க" என்றார்.

"ம்."

"எடுத்தனுங்க டீச்சர். எடுத்ததும், இந்தச் சுத்து போச்சேன்னு தோணுச்சு. கால் தானா போய் மிதிச்சிருச்சு."

பிரிசில்லா மடிக்கணினியை மூடினார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே."

"ஆகலீங்க."

"நீங்க போய்ச் சொல்லிருவீங்களா?"

"ஓட்டுனவங்க மட்டும்தான் எழுதித் தர முடியும். நான் ஓட்டறவ இல்லீங்களே."

செங்கோட்டுவேல் எழுந்து காரைச் சுற்றி வந்தார். திரும்ப உட்கார்ந்தார்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் பண்ணினேனுங்க" என்றார் பிரிசில்லா. "இருபத்தி நாலு வயசுல. ஒரு திருப்பத்துல இன்னொருத்தன் வண்டியை உரசிட்டேன். அவன் சுழன்று வெளிய போயிட்டான். அவனாவே சுழன்றான்னு எல்லாரும் நினைச்சாங்க. அவனே அப்படித்தான் நினைச்சான். நான் ஜெயிச்சேன். அன்னைக்கே போய் உரசுனது நான்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"வெற்றியை எடுத்துட்டாங்க. அந்த வருஷம் ஜெயிக்கறவங்களை வெளிநாட்டுக்கு அனுப்பறதா இருந்தது. ரெண்டாவதா வந்த பையன் போனான். இப்ப அங்கேயே ஓட்டறான்."

"உங்களை யாரும் பாராட்டலீங்களா?"

"ஒருத்தர் கை குடுத்தார். அவர் பேர் மறந்துபோச்சு."

"சொன்னதுக்கு வருத்தப்படறீங்களா?"

"படறேனுங்க. யாராவது நல்லா ஓட்டறதைப் பார்த்தா படறேன்."

செங்கோட்டுவேல் முகத்தில் கோபம் வந்தது. "பின்ன எதுக்குங்க என்னைப் போகச் சொல்றீங்க?"

"நான் போகச் சொல்லவே இல்லீங்க அண்ணா."

அவர் எழுந்து வெளியே போனார். அப்போது மணி நான்கரை. நடுவர்களின் அறை எதிர்க் கட்டடத்தில், மாடியில் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது ஐந்தேகால் ஆகியிருந்தது. முகம் தெளிந்திருந்தது. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார்.

"சொல்லிட்டனுங்க டீச்சர்."

"என்னன்னு?"

"பார்த்தேன், பார்த்தும் மிதிச்சேன், தப்பு என்னோடதுன்னு. ஒளிக்காம சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நேரம் முடிஞ்சு போச்சாம். வரிசைப் பட்டியலை ஒட்டிட்டாங்களாம். இனி மாத்த முடியாது, விடுங்க சார், நீங்களா வந்து சொன்னதே பெரிய விஷயம்னு தோள்ல தட்டி அனுப்பினார் தலைமை நடுவர்."

"ஓ."

"மனசு லேசாயிருச்சுங்க. மூணாவது இடத்தை நான் வேண்டாம்னு சொன்னேன். அவங்கதான் ஒத்துக்கல. இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியுங்க?"

பிரிசில்லா மடிக்கணினியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு அந்த ரூமுக்குள்ள போனீங்க?"

"அஞ்சு, அஞ்சு அஞ்சு இருக்கும்."

"நாலரைக்கு இங்கிருந்து போனீங்க."

"கேன்டீன்ல ஒரு டீ குடிச்சனுங்க. யோசிக்கணுமில்ல."

"படியேறுனப்ப மணி பார்த்தீங்களா?"

அவர் பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து மூடினார்.

"பார்த்தனுங்க" என்றார்.

வெளியே வேறொரு பிரிவின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

"தணிகாசலம் எங்கீங்க?"

"போயிட்டார். ரோட்டு வரைக்கும் நான்தான் கூடப் போனேன். அஞ்சு மணி பஸ்ல ஏறிட்டார்."

"என்ன சொன்னாருங்க?"

"சட்டையை மடிச்சுக் குடுத்துட்டு வந்தாராம். வாங்கின பையனுக்கு எங்க வைக்கறதுன்னு தெரியல, கீழேயே போட்டுட்டான்னு சொன்னார். அப்புறம் ஒண்ணு கேட்டார்."

"என்னங்க?"

"வர வர கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா, நான் நெஜமாவே லேட்டா ஆட்டிட்டேனான்னு கேட்டார்."

செங்கோட்டுவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க?"

"நேரத்துக்குத்தான் ஆட்டினீங்கன்னு சொன்னேன்."

"நம்பினாருங்களா?"

"இல்லீங்க. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சிட்டார். ஒருத்தர் உசுரு போயிருக்கும்மா என்னாலன்னார். இனிமே எங்கேயும் கொடி பிடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார்."

"அந்தக் கோட்டைக் காட்டியிருக்கலாமுங்களே டீச்சர்."

"அது உங்க காலுங்க அண்ணா. நீங்க அஞ்சு மணிக்குள்ள காட்டுவீங்கன்னு அவர்கூட நின்னுட்டிருந்தேன். பஸ் வந்துருச்சு."

செங்கோட்டுவேல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அவர் நம்பர் குடுங்க. இப்பவே பேசறேன். பார்த்தேன்னு சொல்லிடறேன்."

பிரிசில்லா நம்பரைச் சொன்னார். அவர் ஒவ்வோர் எண்ணாகப் போட்டார். கடைசி எண்ணைப் போட்டபின் அழைக்காமல் நிமிர்ந்தார்.

"நான் சொன்னா நம்புவாருங்களா?"

"நம்புவாருங்க" என்றார் பிரிசில்லா. "நீங்க பார்க்கலைன்னு சொன்னதையே நம்பிட்டாரே."