டைரக்டர் முகத்துப் பவுடர்

முகத்தைப் பார்த்தே மூச்சுத்திணறலைச் சொல்லிவிடும் கருவி ஒன்று ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியதாம். வார்டு ஆயா லூர்துமேரி, இழுப்பு வந்த தன் கறுப்புக் குழந்தையை அதன் முன்னே தூக்கிக் காட்டினாள்.

“எதிரில் ஆள் இல்லை” என்றது கருவி.

ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடும் டைரக்டர் தணிகாசலம் பக்கத்தில்தான் நின்றார். “சார், இதை வெள்ளைக்காரப் பிள்ளைங்களை வச்சே சோதிச்சிருக்காங்க. எங்க பிள்ளைங்களை வச்சும் ஆராய்ச்சி பண்ணப் பணம் ஒதுக்குங்க” என்றாள்.

“கருவியில குறையே கிடையாதும்மா. நானும் இந்த ஊர்க்காரன்தானே? என்னைப் பளிச்சுன்னு கண்டுபிடிக்குதே! தப்புன்னு நிரூபி, இப்பவே கையெழுத்துப் போடறேன்” என்று நெஞ்சை நிமிர்த்தினார். முகத்தில் அரை டப்பா பவுடர்.

“சரிங்க சார். ரொம்ப வேர்க்குது, முதல்ல முகத்தைத் துடைச்சுக்குங்க” என்று ஈரத்துண்டை நீட்டினாள். டைரக்டர் அழுத்தித் துடைத்தார். துண்டு வெளுத்தது, அவர் கறுத்தார்.

“எதிரில் ஆள் இல்லை” என்றது கருவி.

டைரக்டர் கையை ஆட்டினார், எம்பிக் குதித்தார். “அட, நான் டைரக்டர்! இருக்கேன், இங்கேதான் இருக்கேன்!” என்று கத்தினார்.

“எனக்குத் தெரியுது சார், அதுக்குத்தான் தெரியல. என் பிள்ளையும் இப்படித்தான் கத்திப் பாத்தான்” என்று லூர்துமேரி பேனாவை நீட்டினாள்.