பேராயி தோண்டிய சுரங்கம்

ஒரு காட்டில், ஓடைக்கும் தினைப்புனத்துக்கும் நடுவே ஒரு மண்மேடு இருந்தது. மேட்டின் ஓடைப் பக்கத்தில் பேராயி என்ற பெருச்சாளி ஆறு குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. புனத்தைப் பார்த்த மறுபக்கத்தில் நொச்சி என்ற சுண்டெலி ஏழு குட்டிகளோடு வாழ்ந்துவந்தது.

பேராயியின் வளை பெரியது. நான்கு அறைகள், இரண்டு வாசல்கள். தினைக்கதிர், கோரைக்கிழங்கு, நாவல்கொட்டை, இலவம்பஞ்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துவந்து நடு அறையில் போடும். குவியல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆனாலும் விடிந்தால் போதும், வீட்டில் ஒரே அழுகை.

“அம்மா, பசிக்கிறது!”

“அம்மா, என் பஞ்சை இவன் எடுத்துக்கொண்டான்!”

“அம்மா, இந்தக் கிழங்கு நாறுகிறது!”

பேராயி குவியலுக்குள் தலையை விட்டுத் துழாவும். தேடியது அகப்படாது. “எல்லாம் தீர்ந்துபோயிற்று போலிருக்கிறதே!” என்று முனகிக்கொண்டு மறுபடியும் புனத்துக்கு ஓடும். இன்று கொண்டுவந்தது மேலே விழும். நேற்றுக் கொண்டுவந்தது அடியில் கிடந்து அழுகும்.

புனத்துக்குப் போகும் வழியில்தான் நொச்சியின் வளை. அங்கே மட்டும் அழுகைச் சத்தமே கேட்பதில்லை. வளையோ சின்னஞ்சிறியது. நொச்சி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் வெளியே போகும். வாய் கொள்கிற அளவு தானியம்தான் கொண்டுவரும். பிறகு வாசலில் உட்கார்ந்து, நிதானமாக மீசையைத் துடைத்துக்கொள்ளும்.

பேராயிக்கு இது பெரிய புதிராக இருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டது.

“ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படியடி இப்படி உட்கார்ந்திருக்கிறாய்?”

“இருப்பதை ஒழுங்காக வைத்துக்கொள்கிறேன், அக்கா. அவ்வளவுதான்” என்றது நொச்சி.

பேராயிக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. ‘எதையோ மறைக்கிறாள்’ என்று நினைத்தது.

பக்கத்துக் கள்ளிச்செடியில் ஓர் ஓணான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது அதன் சுபாவம். பேராயி அதனிடம் போனது.

“ஓணான் தம்பி, நொச்சியின் வீட்டில் ரகசியக் களஞ்சியம் ஏதாவது இருக்கிறதா?”

ஓணான் தலையாட்டியது.

“பெரிய களஞ்சியமா?”

ஓணான் இன்னும் பலமாகத் தலையாட்டியது.

“அதானே பார்த்தேன்!” என்றது பேராயி.

அன்று முதல் அதற்கு வேறு நினைப்பே இல்லை. களஞ்சியத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. தன் வளையின் பின்சுவரிலிருந்து மேட்டைக் குடைந்து சுரங்கம் தோண்டத் தொடங்கியது. குட்டிகள் அழுதால், “குவியலில் தேடித் தின்னுங்கள்!” என்று உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தது.

இரண்டாம் நாள், தோண்டுவதை நிறுத்திவிட்டு மண்ணில் காதை வைத்துக் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிஞ்சுக் குரல் வந்தது.

“இது இன்றைக்கு. இது மழைக்கு. இது இன்றைக்கு...”

‘இன்றைக்கு என்றால் என்ன? மழைக்கு என்றால் என்ன?’ பேராயியின் ஆவல் இரண்டு மடங்கானது. இன்னும் வேகமாகத் தோண்டியது.

மூன்றாம் நாள் நண்பகலில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பேராயி தலையை உள்ளே நுழைத்தது. எதிரே நொச்சியின் உள்ளறை!

பேராயி இப்படியும் அப்படியும் பார்த்தது. களஞ்சியம் எதுவும் இல்லை. சுவரில் மூன்றே மூன்று சிறு குழிகள் இருந்தன. ஒன்றில் உடைந்த தானியம். ஒன்றில் முழுத் தானியம். ஒன்றில் பஞ்சு. எல்லாவற்றையும் சேர்த்தாலும் பேராயியின் குவியலில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அப்போது நொச்சியின் கடைக்குட்டி பொட்டு உள்ளே வந்தது. சுவரில் ஒரு பெரிய தலையைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றது.

“பெரியம்மா! நீங்கள் எப்படிச் சுவருக்குள்ளே வந்தீர்கள்?”

“அதை விடு, கண்ணு. மற்ற சாமான்கள் எங்கே?”

“மற்றதா? இவ்வளவுதான் எங்களுக்கு.” பொட்டு முன்னங்காலை நீட்டி ஒரு நொய்யை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. “உடைந்தது கெட்டுப்போகும். அதனால் அதை முதலில் தின்போம். முழுசு மழைக்கு.”

“உனக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?”

“ஏன் கொடுக்க வேண்டும்? எனக்குத்தான் எட்டுகிறதே!”

பேராயி பொட்டுவையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்த நேரத்தில் இடி இடித்தது. மலையில் பெய்த மழை ஓடையில் திரண்டு வந்துகொண்டிருந்தது. மற்ற ஆண்டுகளில் மேகம் கருத்ததுமே பேராயி ஓடைப்பக்க வாசலை மண்ணால் அடைத்துவிடும். இந்தத் தடவை சுரங்கத்துக்குள் இருந்ததால் மேகத்தைப் பார்க்கவே இல்லை.

வால் நனைந்தபோதுதான் அதற்கு விஷயம் புரிந்தது. வெள்ளம் அதன் வளைக்குள் புகுந்து, சுரங்கம் வழியே நொச்சியின் வீட்டை நோக்கி ஓடிவந்தது.

“நொச்சி! தண்ணீர்! பிள்ளைகளைக் கிளப்பு!” என்று பேராயி அலறியது.

நொச்சி ஓடிவந்தது. யார் என்ன என்று கேட்க நேரமில்லை. “குழிக்குப் போங்கள்! மழைக்கு வைத்ததை எடுங்கள்!” என்றது. ஏழு குட்டிகளும் வாய்க்கு ஒரு தானியமாகக் கவ்விக்கொண்டு, வரிசையாக வெளியேறி அருகிலிருந்த பாறைமேல் ஏறின.

பேராயி தன் வீட்டுக்குத் திரும்பிப் பாய்ந்தது. ஐந்து குட்டிகளைக் கழுத்தைக் கவ்வி மற்றொரு வாசல் வழியே வெளியே தள்ளியது. கடைக்குட்டி தும்பையைக் காணவில்லை.

“தும்பை! தும்பை!”

குவியலுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக்குரல் வந்தது. பசிக்குத் தின்பதற்கு எதையோ தேடி உள்ளே போன தும்பையின்மேல் கிழங்குகள் சரிந்திருந்தன. பேராயி பைத்தியம் பிடித்ததுபோல் வாரி இறைத்தது. எடுக்க எடுக்கச் சரிந்தது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது. தான் ஆசை ஆசையாகச் சேர்த்த குவியலைப் பார்த்து அது முதன்முறையாகப் பயந்தது.

“அக்கா, நகருங்கள்!”

பின்னாலேயே வந்திருந்த நொச்சி, கிழங்குகளின் இடுக்கில் நுழைந்து மறைந்தது. “இடப்பக்கம் தோண்டுங்கள்! இன்னும் கீழே!” என்று உள்ளிருந்து கத்தியது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பேராயி தோண்டியது. கடைசியில் தும்பையின் வால் தென்பட்டது. பேராயி அதைக் கவ்வி இழுக்க, மூன்றும் வெளியே வந்து விழுந்தன.

பாறைமேல் பதின்மூன்று குட்டிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. நொச்சி ஏழு தானியங்களையும் கடித்துப் பங்கிட்டது. பேராயிக்கு அதில் வாய் வைக்க மனம் வரவில்லை.

“வெள்ளம் வந்த வழி நான் வெட்டியது” என்றது. “நீ எதையோ ஒளித்து வைத்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.”

நொச்சி ஈர மீசையைக்கூடத் துடைக்கவில்லை.

“வாசல் வழியாக வந்திருந்தால் நானே காட்டியிருப்பேனே, அக்கா” என்றது. “என் வீடும் போயிற்று.”

“உன் வீட்டை நான் கட்டித் தருகிறேன். அதற்குப் பிறகுதான் என் வீடு.”

மழை விட்டதும் பேராயி சொன்னபடியே செய்தது. பாறைக்கு மேலே உயரமான இடம் பார்த்து முதலில் நொச்சிக்கு ஒரு வளை தோண்டியது. மூன்று குழிகளும் முன்புபோலவே அமைந்தன. பிறகு தனக்கென்று தோண்டத் தொடங்கியது. சுவருக்கு வந்ததும் அதன் கை நின்றது.

“குழியை எந்த உயரத்தில் வைப்பது, நொச்சி?”

“என்னைக் கேட்டால்? தும்பையைக் கூப்பிடுங்கள்.”

தும்பை வந்து சுவரோரம் நின்றது. அதன் மூக்கு தொட்ட இடத்தில் பேராயி நகத்தால் ஒரு கோடு கீறியது.

புது வீட்டில் நடு அறைக் குவியல் இல்லை. முதல் சில நாள் குட்டிகள் இன்றைக்கு உரியதையும் மழைக்கு உரியதையும் கலந்துவிட்டன. பேராயி கத்தியது, பிறகு உட்கார்ந்து அவற்றோடு சேர்ந்து பிரித்தது. சில நாள் அரை வயிறுதான்.

ஒரு நாள் பிற்பகலில் பேராயி புனத்திலிருந்து திரும்பியது. வாசலில் கால் வைத்ததும் நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“ஐயோ, பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று!” என்று கதிரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடியது.

உள்ளே ஆறும் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் நொய்த்தானியம். தும்பை நிமிர்ந்து பார்த்து, “அம்மா, நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம். உனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்” என்றது.

பேராயி அன்று மறுபடியும் புனத்துக்கு ஓடவில்லை. பிள்ளைகளின் நடுவே உட்கார்ந்து, தும்பை கொடுத்ததை மெதுவாக மென்று தின்றது.

நீதி: வீட்டில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது பெரிதல்ல, இருப்பது பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்பதே பெரிது.