சாரை கழற்றிய சட்டை

அந்தக் காலத்தில், காட்டு உயிர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, அவற்றுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது தையல்சிட்டுதான். சாரைப்பாம்புக்கு அது தைத்த சட்டை வழவழவென்று உடம்போடு ஒட்டிக் கிடந்தது. சாரைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சிட்டுக்குத்தான் கை சும்மா இருக்காது. சாரை தூங்கி எழும்போதெல்லாம் சட்டையில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கும். ஒருநாள் கழுத்தில் குஞ்சம். பிறகு வயிற்றில் ஒரு பை, அதற்குள் அணிலின் கொட்டைகள்.

"கொட்டை எனக்கு எதுக்கு அண்ணே? நான் தின்பேனா?"

"இருக்கட்டும் தங்கச்சி. அணில் ஆசையா வைக்கச் சொன்னான். எல்லார் சட்டையிலும் வச்சாச்சு."

"பிய்க்கவும் வரலையே!"

"வராது. அழுத்தமா தைச்சிருக்கேன்," என்று சிட்டு பெருமைப்பட்டது. "அடுத்தது வாலுக்குச் சலங்கை. இப்பவே தைக்கட்டுமா, அப்புறமா தைக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அப்படி ஒரு பதிலே கிடையாதே! சரி, நீ தூங்கும்போது தைச்சுடறேன்."

சொன்னபடியே தைத்தது. சாரை விழித்தபோது வாலில் சலங்கை குலுங்கியது. கண்மேலும் வெள்ளைத் துணி; காடே பால்போல் மங்கிக் கிடந்தது.

"அசையாதே, இன்னும் முடியலை!" என்றது சிட்டு.

சலங்கைச் சத்தம் கேட்டுக் கீரி பாய்ந்து வந்தது. சாரை தன் முட்டைகள் இருந்த புற்றுக்கு ஓடியது. வயிற்றில் இருந்த கொட்டைப் பை புற்றின் வாசலிலேயே சிக்கிக்கொண்டது. சாரை தட்டுத்தடுமாறிப் பக்கத்து இலந்தைப் புதரில் நுழைந்தது.

"பதறாதே," என்றது இலந்தை. "உதட்டோரத்துச் சட்டையை என் முள்ளில் மாட்டு. நான் பிடிச்சுக்கறேன், நீ முன்னால போய்க்கிட்டே இரு."

சாரை நழுவியது. குஞ்சமும் பையும் சலங்கையும் கண்துணியுமாக, பிறகு தைத்ததெல்லாம் ஒரு மேல்சட்டையாக உரிந்து, உள்வெளியாகத் திரும்பி முள்ளில் தொங்கியது. அதன்மேல் பாய்ந்த கீரி, மூக்கில் முள் ஏறி அலறி ஓடியது. சாரையின் உடம்பில் முதலில் தைத்த சட்டையின் பழைய வழவழப்பு அப்படியே மின்னியது. முட்டைகளும் பிழைத்தன.

"முதல்ல தைச்சது ரொம்ப நல்லா இருக்கு அண்ணே. அதுக்கு நன்றி. அதுவே போதும்," என்றது சாரை. சிட்டு தன் கூட்டுக்கு இலை தைக்கப் போய்விட்டது.

"இலந்தை அக்கா, உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

"அந்தச் சட்டையை இங்கேயே விட்டுட்டுப் போ. அது காத்துல அசைஞ்சா ஆடுங்க பயந்துக்கிட்டு என் தழையைக் கடிக்காது."

அன்று முதல்தான், பாம்பு கண் மங்கும்போதெல்லாம் முள்ளைத் தேடி வருகிறது. சட்டையை உரித்து, நன்றியோடு அங்கேயே தொங்கவிட்டுப் போகிறது.