மோரில் போட்ட வாழைப்பூ

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மடத்துத் தலைவரான அடிகளிடம் கேள்வி கேட்க வருகிறவர் முதலில் சமையல்கட்டில் உட்கார்ந்து அன்றைய காய்கறியை நறுக்கித் தர வேண்டும். நறுக்கி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வியே மறந்துவிடும். மீதிப் பேருக்குத்தான் பதில்.

பொன்னம்பலத்துக்கு மறக்கவில்லை. அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனார். அண்ணன் போனதும் அதே வயதில். இந்த ஆவணியில் பொன்னம்பலத்துக்கு ஐம்பத்திரண்டு பிறந்தது. அன்றிலிருந்து மனிதர் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, கீரையும் பழமும் சேர்த்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள், நடங்கள் என்று அனுப்பிவைத்தார். பொன்னம்பலம் அதைப் பாதிதான் காதில் வாங்கினார். செல்போனில் எவரோ பேசியதை முழுசாக வாங்கினார். உடம்பைக் கெடவிடாத சத்தாம், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. வேளைக்கு ஒரு கை மாத்திரை. நாள் முழுக்க நெல்லிக்காய்ச் சாறு. மனைவி வடிவு போட்ட சோற்றைத் தள்ளி வைத்தார், தாளித்த எண்ணெயில் எமன் இருக்கிறானாம். வயிறு எரிந்தது, தூக்கம் போனது. கடைசியில் வீட்டையே விட்டுவிட்டு மடத்தில் சீடராக வந்து சேர்ந்தார்.

அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர். சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"சாமி, எதைச் சாப்பிட்டா இந்த உடம்பு கெடாம இருக்கும்?"

அடிகள் ஒரு வாழைப்பூவை அவர் பக்கம் நகர்த்தினார்.

அது பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற நரம்பை உருவி எறிய வேண்டும். கறுக்காமல் இருக்க, நறுக்க நறுக்க மோர்த்தண்ணீரில் போட வேண்டும். சட்டி பக்கத்திலேயே இருந்தது. பொன்னம்பலம் நடுவில் எழுந்து வாசலுக்குப் போனார். வந்து உட்கார்ந்து தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மறுபடி எழுந்தார். எல்லாம் முடிந்த பிறகு, நறுக்கிய குவியலை மொத்தமாக அள்ளிச் சட்டியில் கொட்டினார். அதற்குள் பூ கறுத்திருந்தது.

"மோர்ல போட்டேனே சாமி?"

"போட்டீங்க. அதுக்குள்ள காத்து முந்திக்கிச்சு."

"காத்தா?"

"நாம இழுத்து விடுறோமே, அதே காத்துதான். அது இல்லாம இருக்க முடியாது. உள்ள போனா அது சும்மாவும் இருக்காது, பூவைக் கறுக்க வச்ச மாதிரி உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். கீரை, நெல்லிக்காய், மஞ்சள் எல்லாம் வயித்துக்குள்ள போயி இந்த மோர் வேலையத்தான் பாக்குது."

பொன்னம்பலம் முகம் தெளிந்தது. தான் நினைத்தது சரிதான் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் வாழைப்பூதான். மோர் போதாமல்தானே வம்பு என்று, விடிந்ததும் புளித்த தயிர்ப் பானையை அப்படியே சட்டியில் கவிழ்த்தார். எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தார். பூ ஒரு துளி கறுக்கவில்லை. கூட்டை மட்டும் ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. பந்தியில் இருந்த ஒரு லாரி டிரைவர் கூட்டை இலையோரம் ஒதுக்கிவிட்டு மோர்ச்சோறு கேட்டார். மோரும் இல்லை.

அடிகள் பொன்னம்பலத்தின் மடியில் செருகியிருந்த மாத்திரை டப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு இலை எடுக்கப் போனார். பொன்னம்பலத்துக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் வடிவு வந்து இறங்கினாள். கையில் டிபன் கேரியர். அடிகளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். வழக்கம் அவளுக்கும் உண்டுதானே. அடிகள் வாழைப்பூவைக் காட்டினார்.

வடிவு கள்ளனை உருவினாள், நறுக்கினாள், திரும்பிப் பார்க்காமலே மோர்த்தண்ணீரில் போட்டாள். கொஞ்சம் பூ, கொஞ்சம் மோர். பொன்னம்பலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பூவை ஆய்ந்து கொடுத்தார். சட்டியில் பூ நிறம் மாறாமல் மிதந்தது.

"இப்பக் கேளுங்கம்மா" என்றார் அடிகள்.

வடிவு கையைத் துடைத்துக்கொண்டாள். "செத்துப் போயிடுவோம்னு இவருக்குப் பயம் சாமி. உசிரோட இருக்கும்போதே இவரு எங்கள விட்டுப் போயிட்டாரேன்னு எனக்குப் பயம். எப்ப வருவாரு?"

அடிகள் பந்திக்கு இலை போடச் சொன்னார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். வடிவு கேரியரைத் திறந்து முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டு இலையில் வைத்தாள். ஓர் இலையின் முன்னால் ஆள் இல்லை.

பொன்னம்பலம் சமையல்கட்டில் இருந்தார். சட்டியிலிருந்து ஒரு கை பூவை மோரோடு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தார். மூடியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். அடிகள் கூட்டு வாளியை எடுக்க உள்ளே வந்தபோதும் கையில் மூடியோடுதான் நின்றார்.

"இன்னும் கறுக்கல சாமி. இதை அப்படியே வச்சிருந்தா எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

அடிகள் கிண்ணத்தை வாங்கினார். பூவைப் பிழிந்து, கொதிக்கிற ரசத்துக்குப் பக்கத்தில் இருந்த வாணலியில் போட்டார்.

"இலைக்கு வர்ற வரைக்கும் தாங்கினாப் போதும்யா. அதுக்குத்தான் மோரு. போங்க, அந்தம்மா இன்னும் கை வைக்காம உக்காந்திருக்காங்க."